மூன்றாம் வரியில் திரும்பிய தெரு

நாமக்கல்லுக்கு மேற்கே, மாவு மில்லில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டியில் முடிகிற ஓடைக்காட்டுத் தெருவில், ஒரே சாயங்காலம் இரண்டு தடவையும் மூன்று தடவையும் வர ஆரம்பித்தது, மூன்றாம் வகுப்புப் படிக்கிற கனிஷ்கா வீட்டில் கீபோர்டு பழகத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்னால் அங்கே சாயங்காலம் எல்லா ஊரையும் போல ஒரு தடவை வந்து, இருட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் ஜெசிந்தா மிஸ், ஆண்டு விழாவுக்கென்று தானே கட்டிய நான்கு வரி மெட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு விதி சொல்லியிருந்தார். தினமும் வீட்டில் யாராவது ஒருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு எண்ணித் தாளம் போட வேண்டும். தப்பு வந்தால், வந்த இடத்திலிருந்து ஒட்டுப் போடக் கூடாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கனிஷ்காவின் அம்மா சுகந்தி, கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறவள், பாட்டு என்றால் கல்யாண வீட்டு மைக் செட்டோடு சரி. ஆனாலும் உட்காரச் சொன்னால் உட்காருகிறவள், எண்ணச் சொன்னால் எண்ணுகிறவள். கைக்கு மூன்று முட்டையாக ஒரே வீச்சில் ஆறு எடுத்து அட்டையில் ஒரு வரிசையை நிரப்பிவிட்டு, பார்க்காமலே அடுத்த ஆறுக்குக் கையை நீட்டுகிற வேலையைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்துவந்தவளுக்குத் தாளம் போடுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையில் தட்ட ஆரம்பித்தாள்.

முதல் வரி வந்தது, இரண்டாம் வரி வந்தது, மூன்றாம் வரியின் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்க வேண்டிய இடத்தில் பிள்ளை நிற்காமல் நாலாம் வரிக்குள் ஓடி விழுந்து எல்லாம் குழம்பியது. அதே நேரம் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. "தப்பு, முதல்லருந்து வா சாமி," என்றாள் சுகந்தி. கனிஷ்கா முதல் சுரத்தில் விரலை வைத்ததும் வழிந்த பால் பாத்திரத்துக்குள் போய், சூடே ஏறாததுபோல அமைதியாக இருந்தது. சுகந்தி எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவையாவது வழியாமல் இருக்கட்டும் என்று எழுந்துபோய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கீபோர்டின் சத்தம் எட்டுகிற தூரம் வரைக்கும், அதாவது மில்லிலிருந்து தொட்டி வரைக்கும், அப்படித்தான் நடந்தது. பிள்ளை மூன்றாம் வரியில் தப்புப் பண்ணி முதல் சுரத்துக்குத் திரும்பினால், தெருவும் முதல் சுரத்தின்போது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிக்கொள்ளும். கீழே விழுந்த முட்டை அட்டை, சுகந்தியோடு பண்ணைக்குப் போகிற துளசிமணியின் இடுப்புக்கு ஏறிக்கொள்ளும், காயப்போட்ட துணி மறுபடி வாளியில் ஈரமாகக் கிடக்கும், சூரியன் அந்தத் தெருவுக்கு மட்டும் மில்லின் கூரைக்கு மேலே கொஞ்சம் ஏறி நின்றுகொள்ளும். எதற்கும் ஞாபகம் இல்லை, மனிதர்களுக்கு மட்டும் இருந்தது. யாருக்கும் எதுவும் மறக்கவில்லை.

முதல் வாரம் தெரு முணுமுணுத்தது. ஒரு தடவை மாடு கறந்தவன் மூன்று தடவை கறக்க வேண்டியிருந்தால் முணுமுணுக்கத்தானே செய்வான். இரண்டாம் வாரம் பழகிவிட்டது, மூன்றாம் வாரம் இதுவே வசதியாகிப்போனது. தையல்காரர் பட்டு ரவிக்கைத் துணியை வெட்டுவதற்குக் கனிஷ்கா உட்காரும் நேரமாகப் பார்த்துக் கத்தரியை எடுத்தார். மீசை இல்லாமல் எப்படியிருப்போம் என்று ஆயுள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்த மில்லுக்காரர் சவரம் பண்ணிக் கண்ணாடியில் பார்த்து, பயந்து, பாப்பா சீக்கிரம் தப்புப் பண்ண வேண்டுமே என்று முருகனை வேண்டிக்கொண்டு வாசலில் நின்றார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவை கேசரி சரியில்லை என்று முகம் சுளித்து, இரண்டாம் தடவை சுளிக்காமல் சாப்பிட்டார்கள், ஆனால் முதல் தடவை சுளித்தது பெண் வீட்டாருக்கு ஞாபகம் இருந்ததால் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. டவுன் பஸ் கண்டக்டர்தான் பாவம், டிக்கெட் கிழித்துக் கிழித்து அலுத்துப்போய், மில்லு முக்கிலேயே வண்டியை நிறுத்தி, "பாப்பா முடிச்சிருச்சா?" என்று விசாரித்துவிட்டு உள்ளே வருவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

சுகந்திக்கும் இதில் ஒரு சுயநலம் உண்டு. அவள் புருஷன் பூபதி போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் ஏதோ காட்டில் ஆழ்துளை போட்டுக்கொண்டிருந்தான். போனால் மாதக்கணக்கு. போர் வண்டி கிளம்பும்போது பெண்கள் வாசலுக்கு வரக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். போகிறவன் முதுகைப் பார்த்துவிட்டால் வண்டி திரும்ப நாளாகும் என்பார்கள். அதனால் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டதும் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நிற்பாள். அவன் போன் பண்ணுவது பெரும்பாலும் சாயங்காலத்தில், பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போது. சத்தீஸ்கர் வரைக்கும் கீபோர்டு சத்தம் எட்டாதாகையால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, பிள்ளை திரும்ப ஆரம்பித்ததும் பேசியதெல்லாம் பேசாததாகி, அவன் புதிதாகப் போன் பண்ணி, "என்ன பண்ணிட்டிருக்க?" என்று அதே குரலில் கேட்பான். முதல் தடவை சண்டை போடுவாள், இரண்டாம் தடவை சண்டை போடாமல் பேசுவாள், மூன்றாம் தடவை ஒன்றுமே பேசாமல் அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிள்ளை ஏன் இன்னும் மூன்றாம் வரியைத் தாண்டவில்லை என்று அவள் ரொம்பவும் விசாரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தெருவிலும் யாரும் விசாரிக்கவில்லை. ஆளாளுக்குக் கடலை மிட்டாயும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்து, "மெதுவாப் பழகு கண்ணு, என்ன அவசரம்?" என்றார்கள். கனிஷ்காவுக்கு அவசரம் இருந்தது. முழுப் பாட்டையும் வாசிக்கிறவர்கள்தான் ஆண்டு விழாவில் கீபோர்டோடு முன்வரிசையில் உட்காரலாம், முடியாதவர்கள் பின்னால் நின்று கைதட்டலாம் என்று ஜெசிந்தா மிஸ் சொல்லியிருந்தார். பின்னால் நின்று கைதட்டுவதற்கு எதற்குப் பாட்டு கிளாஸ் என்று அந்தப் பிள்ளை அழாத நாளில்லை.

தெருவிலே அவள் பக்கம் பேசிய ஒரே ஆள், அவள் அப்பிச்சி என்று கூப்பிடுகிற எதிர்வீட்டுத் தாத்தா நாச்சிமுத்து. இளம் வயதிலிருந்து போர் வண்டியில் போய், பாறையைத் துளைத்துத் துளைத்து இடது காது அடைத்துப்போனவர். வலது காதைக் கனிஷ்கா வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "பாதில எந்திரிச்சு வர்றதுக்கு இது என்ன சோறா?" என்று கத்துவார். "தண்ணி வர்ற வரைக்கும் ஓட்டோணும். இந்தப் பாட்டுக்கு முடிவு இருக்குதா இல்லியா, எப்பத்தான் முடிப்ப?" அவர் மனைவி பாவாயம்மா உள்ளேயிருந்து, "பச்சப் புள்ளையப் போட்டு வெரட்டாதீங்க," என்று பதிலுக்குக் கத்துவாள். சுகந்தி பண்ணையிலிருந்து திரும்பும் வரைக்கும் கனிஷ்காவுக்குச் சோறு போட்டுத் தலை வாரிவிடுகிறவள் பாவாயம்மா. பூபதி ஊரில் இல்லாதபோது சுகந்திக்கு வலி கண்டு, ஆட்டோவில் மடியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

ஆண்டு விழா நெருங்கிய ஒரு வியாழக்கிழமை, கனிஷ்கா மூன்றாம் வரியில் விரலை எடுத்த அதே நேரத்தில், நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கையிலிருந்த டீ டம்ளர் உருண்டது, பாவாயம்மா ஓடிவந்து மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். அதற்குள் பிள்ளை முதல் சுரத்துக்குத் திரும்பியிருந்தாள். நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். டம்ளர் கையில் சூடாக இருந்தது.

"செத்துப்போனேனாட்ட இருக்குது," என்றார்.

பிறகு தெரு தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்கள். அது நாமக்கல்லில் கிளம்புவதற்குள் மூன்றாம் வரி வந்துவிட்டது, பிள்ளை திரும்பியதும் போன் பண்ணியதே இல்லாமல் போய்விட்டது. மில்லுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். தெரு முனையைத் தாண்டுவதற்குள் நாச்சிமுத்து பின்சீட்டில் சாய்ந்தார், திரும்பிய தெருவில் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சை அமுக்கினார்கள், மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்கள், சாமிக்குக் காசு முடிந்து வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும், ஒரு பாத்திரம் பால் காய்ந்து பொங்குகிற நேரத்தில், அவர் செத்துப்போனார். பிள்ளை திரும்ப ஆரம்பிக்காமல் விட்டுவிட்டால் செத்தது செத்ததுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஒருத்தரும் அவளை எழுந்திருக்க விடவில்லை.

"இன்னொருக்கா கண்ணு," என்று பாவாயம்மா எதிர்வாசலிலிருந்து கெஞ்சினாள். "ஒரே ஒருக்கா."

அந்தச் சாயங்காலம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று பின்னால் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். யாருக்கும் பசிக்கவில்லை, உடம்பு அலுக்கவில்லை, மனசு மட்டும் தேய்ந்துகொண்டே போனது. பாவாயம்மா அலறுவதை நிறுத்தி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மகள் வீட்டு விசேஷத்தில் அவர் யாரிடமோ முகம் கொடுக்காமல் வந்ததை முதலில் பேசித் தீர்த்தாள். பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போடாததற்குத் திட்டினாள். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு சும்மா அவர் கால் விரலுக்குச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மாறிக்கொண்டிருந்தாள். பால் பாத்திரத்துக்கு ஞாபகம் இல்லை, கனிஷ்காவுக்கு இருந்தது. அத்தனை தடவை வாசித்ததில் மூன்று வரியும் அவள் விரலுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. சுகந்தி மூன்றாம் வரிக்குத் தட்டிக்கொண்டிருந்தபோது கனிஷ்கா வாசிப்பதை நிறுத்தாமலே, தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"அம்மா, நீங்க ஆறுலயே திரும்பறீங்க."

சுகந்தி தன் கையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று தட்டிவிட்டு, வரிசை நிரம்பியதுபோல அது தானாக அடுத்த ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற வரிகளில் சுரங்கள் எட்டும் நிறைந்திருந்ததால் பிள்ளை விரலை நம்பி ஓட்டிவிட்டாள். மூன்றாம் வரியில் கடைசிச் சுரம் ஆறில் விழுந்து, ஏழும் எட்டும் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவை; அங்கே கையைத்தான் பார்க்க வேண்டும், கையோ ஆறில் திரும்பிவிட்டது. இத்தனை நாளும் தப்பு பிள்ளையினுடையது இல்லை.

"அப்பவே சொல்றதுக்கென்னடி?"

"நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

மகள் இத்தனை நாள் அழுத அழுகையெல்லாம் தன் கையிலிருந்து வந்தது என்று தெரிந்ததும், இனிமேல் எட்டுத் தட்டினால் எதிர்வீட்டில் என்ன ஆகும் என்று தெரிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. அவள் எதிரே பார்த்தாள். ஜன்னலுக்கு நேராகப் பாவாயம்மா அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சொன்னது அங்கே வரைக்கும் கேட்டிருந்தது.

"சுகந்தி," என்றாள் பாவாயம்மா. "அந்தக் கைய அப்படியே வெச்சுக்க சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆட்டோவில் தன் தலையைத் தாங்கிய மடி அது. சுகந்தி ஆறில் திரும்பினாள். தெரிந்தே திரும்பினாள். பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்த்து, விரலை எடுத்துத் தப்புப் பண்ணினாள். இப்படி அம்மா தப்பாகத் தட்ட மகள் தப்பாக வாசிக்க, தெரு திரும்பித் திரும்பி நின்றது, நாச்சிமுத்து செத்துச் செத்துப் பிழைத்தார், சூரியன் மில்லின் கூரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பிள்ளைக்குப் பாட்டுப் பழக்குகிற எந்தத் தாயும் செய்யாத வேலை அது, அதை அவள் அக்கறையாகச் செய்தாள். அப்புறம் ஒரு தடவை கனிஷ்கா முதல் சுரத்தில் விரலை வைக்காமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே நாச்சிமுத்து சாய்ந்திருந்தார்.

"நான் சரியா வாசிச்சா அப்பிச்சி செத்துருவாரு, அப்படித்தானே?"

"இப்ப விரலை வை," என்றாள் சுகந்தி. பிள்ளை வைத்தாள். நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார், டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்து, அதுவரைக்கும் எந்தத் தடவையும் செய்யாத காரியமாக, தெருவைக் கடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனிஷ்கா முதல் வரியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, வாசிச்சுக்கிட்டே கேளு. நீ நல்லா வாசிச்சாலும் எனக்கு இதே நேரந்தான், கெடுத்து வாசிச்சாலும் இதே நேரந்தான். உன்ற பாட்டுக்கும் என்ற நெஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கொற. இத்தன தடவ செத்தும் இந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு தெரிய மாட்டேங்குது. கேட்டுப்போட்டுப் போனா நெம்ப சந்தோஷமாப் போவேன்."

"கேக்க முடியாதுங்க அப்பிச்சி," என்றாள் கனிஷ்கா. "நாலாம் வரி வர்றதுக்குள்ளதான் நீங்க செத்துர்றீங்களே."

அது நியாயமாகத்தான் இருந்தது. நாச்சிமுத்து யோசித்துக்கொண்டே திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சுகந்தி தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு மகளைக் கேட்டாள்: "ரெண்டாங் காலம்னு மிஸ் என்னமோ சொன்னாங்களே, அது என்ன?"

"இதையே ரெண்டு மடங்கு வேகமா வாசிக்கறது. தாளமும் வேகமாப் போடோணும்."

"உன்னால முடியுமா?"

"முடியும். உங்களால?"

சுகந்தி எதிர்வீட்டைப் பார்த்தாள். பாவாயம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. பாவாயம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் வலது காதை இந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டியவள் அவள். வண்டிச் சத்தம் கரைந்த பிறகே வாசலுக்கு வந்து, வெறும் தெருவைப் பார்த்துக் கோலத்தை மிதிக்காமல் திரும்பிப் போயிருக்கிறாள். இன்றைக்கும் முதல் தடவை அவர் சாய்ந்தபோது அவள் அடுக்களையில்தான் இருந்தாள்.

அவள் எழுந்தாள். சேலையை உதறிச் சொருகிக்கொண்டு, அவருக்கு எதிரே, முகம் தெரிகிற மாதிரி நின்றாள்.

"எட்டாப் போடு சுகந்தி," என்றாள். "நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

சுகந்தி இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஆறில் ஓடிவிடாமல் இருக்க. பிள்ளை முதல் சுரத்துக்குப் போனாள், தெரு திரும்பியது, பால் பாத்திரம் அமைதியானது. இரண்டாம் காலத்தில் முதல் வரியும் இரண்டாம் வரியும் விறுவிறுவென்று ஓடி மூன்றாம் வரிக்குள் நுழைந்தன. ஐந்து, ஆறு என்று வந்ததும் கை துள்ளியது, சுகந்தி அதை இறுக்கிப் பிடித்து ஏழு என்று தட்டினாள், எட்டு என்று தட்டினாள். பிள்ளையின் விரல் கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்து நின்று, எடுத்து, நாலாம் வரிக்குள் நிதானமாக நடந்து போனது. தையல்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். இடுப்பில் முட்டை அட்டையோடு துளசிமணி நின்றாள். அந்தத் தெரு அதுவரைக்கும் கேட்டேயிராத வரி அது. மேலே போகும் என்று பார்த்தால் போகாமல், ஆரம்பித்த சுரத்துக்கே கீழிறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது.

"அட, இவ்வளவுதானா?" என்றார் நாச்சிமுத்து, சிரித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்குது."

டீயை ஒரு வாய் குடித்தார். பாவாயம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் பார்ப்பதற்கு நேரம் இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு தலை ஒரு பக்கம் சாய்ந்தது, டம்ளர் உருண்டது, உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் நின்றது. தெரு பழக்கதோஷத்தில் முதல் சுரத்துக்காகக் காத்திருந்தது. டம்ளர் அங்கேயே கிடந்தது. சூரியன் மில்லுக்குப் பின்னால் இறங்கி இருட்டியது, மில்லு முக்கில் கண்டக்டர் கேட்பதற்கு ஆள் இல்லாமல் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

கனிஷ்கா கீபோர்டை அணைத்து உறையில் போட்டாள். அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கேட்டுட்டாரில்ல?" என்றாள். "முழுசாக் கேட்டுட்டாரு சாமி," என்றாள் சுகந்தி. அப்போது போன் அடித்தது.

"என்ன பண்ணிட்டிருக்க?" என்றான் பூபதி.

இனி எந்தப் போனும் ஒரு தடவைதான் என்று சுகந்திக்குத் தெரிந்தது. "நாச்சிமுத்து மாமா போயிட்டாருங்க. பாப்பா பாட்ட முடிச்சுட்டா." அவன் பேசுவதற்குள் அடுத்ததையும் சொன்னாள்: "இன்னொண்ணும் சொல்லோணும். அடுத்த தடவ நீங்க கெளம்பறப்ப நான் மில்லு முக்கு வரைக்கும் வருவேன். வண்டி மறையற வரைக்கும் நின்னு பாப்பேன். யாரு என்ன சொன்னாலும் சரி."

"வண்டி திரும்ப நாளாகும்பாங்களே," என்றான் அவன்.

"ஆகட்டுமுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அடுப்பைப் பார்த்தாள். பால் வழிந்து தீ அணைந்து, மேடை முழுக்க ஓடிக் கிடந்தது. கேஸைத் திருகி மூடினாள். ஈரத்துணியை எடுத்து, ஓரத்தில் காய்ந்து ஒட்டியதையெல்லாம் சுரண்டித் துடைத்துவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.